சத்தமில்லாத நாலு கீ

ஜூன் 10, செவ்வாய்

துப்பறியும் தொடர், மூன்றாம் பகுதி. நாயகன் பேசுவதைவிடப் பெருமூச்சு விடுவதுதான் அதிகம். சப்டைட்டில் எழுதுகிறவளுக்கு அது லாபம். சாப்பாட்டுக்கு முன்பே முடித்து அனுப்பிவிட்டு விளையாட உட்கார்ந்தேன்.

திரையில் நான்கு வரிசையாகக் கட்டைகள் விழும். ஒரு காதில் மாட்டிய இயர்போனில் ஓடும் பாட்டின் தாளத்துக்கு டி, எஃப், ஜே, கே என்ற நாலு கீயையும் அமுக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. என் விரல், என் காது, வேறு யாரும் இல்லை. கல்யாணமாகி இந்த மாமியார் வீட்டுக்கு வந்ததிலிருந்து என்னுடையது என்று இருப்பது மத்தியானத்தில் இந்த ஒரு மணி நேரம்தான்.

ஒரே கட்டை அடுத்தடுத்து வேகமாக விழும் இடத்தில் இன்றும் கோட்டை விட்டேன்.

ஜூன் 12, வியாழன்

எங்கள் விளையாட்டுக் குழுவில் இருக்கும் ராபர்ட்டை அடையாறில் பார்த்தேன். கையோடு கொண்டுபோயிருந்த என் கீபோர்டைத் தட்டிப் பார்த்துச் சிரித்தான். "இன்னா கீர்த்தி, ப்ளூ சுவிட்ச்ச வச்சிக்கினா இத்தினி நாளா ஆடிக்கினு கீற? அது நல்லா மேல எழும்பி வந்தாத்தான் மறுபடி அடிக்கும். அதுக்குள்ள கட்டை போய்க்கினே இருக்கும்."

ஒரு சின்னப் பலகையில், கீக்கு அடியில் மாட்டுகிற சுவிட்ச்சில் எல்லா வகையும் வைத்திருந்தான். ஒவ்வொன்றாக அமுக்கினேன். ப்ளூ டக் டக் என்று சொடுக்குகிறது. பிரவுன் பாதி வழியில் லேசாகத் தட்டுப்படுகிறது. ரெட் எங்கேயும் தடுக்காமல் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. ரெட்டிலேயே சத்தம் வராத ஒரு ரகமும் உண்டு. அதை அமுக்கியதும் விரலை எடுக்க மனசே வரவில்லை. அதில் ஒரு பை நிறையக் கொடுத்தான். என்னுடையது சுவிட்ச்சைப் பிடுங்கி மாற்றக்கூடிய கீபோர்டுதான்.

ஜூன் 14, சனி

எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். அந்த இடத்தைத் தாண்டிவிட்டேன்!! எழுதும்போதுதான் தொல்லை. விரல் பட்டாலே எழுத்து விழுந்துவிடுகிறது. பழகிவிடும்.

ஜூன் 17, செவ்வாய்

அத்தைக்கு இன்றைக்கு என்ன ஆயிற்று? அறைக்குள் வருவதும் போவதுமாக இருக்கிறார்.

ஜூன் 18, புதன்

விஷயம் இப்போதுதான் விளங்கியது.

ஆடித் தள்ளுபடிக்கு இப்போதே எங்கள் துணிக்கடையில் வேலை ஆரம்பித்துவிட்டது. மாமா ஜாக்கெட் துணிக் கட்டுகளை வீட்டுக்கே அனுப்பிவிடுகிறார். விலை ஸ்டிக்கர் ஒட்டுவது அத்தை பொறுப்பு. ஒரு துணிக்கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசையிலேயே வைத்தார்.

"சும்மாதான இருக்க கீர்த்தி, இத மட்டும் ஒட்டிக் குடும்மா."

"வேலை பாத்துட்டு இருக்கேன் அத்தை."

"ஒரு சத்தத்தையும் காணோமே?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இவ்வளவு காலமும் அந்த டக் டக்கைக் கேட்டுத்தான் என்னை விட்டு வைத்திருக்கிறார்கள். பகலில் கதவைச் சாத்தினால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைக்கிற வீடு இது. எனக்குக் கதவாக இருந்தது அந்தச் சத்தம்தான். நானே பிடுங்கிப் போட்டுவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

இன்னொன்றும் புரிகிறது. நான் அதிகமாகச் சத்தம் போட்டது விளையாடும்போதுதான். "என் மருமக உக்காந்தா கை நிக்காது" என்று அத்தை ஊருக்குப் போன் போட்டுச் சொன்னதெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தைக் கேட்டுத்தான். ஐயோ.

ப்ளூவுக்கே திரும்பினால் நிம்மதி, ஆனால் ஆட்டம் போச்சு. ரெட் என்றால் ஆட்டம் உண்டு, ஸ்டிக்கரும் உண்டு. என் புருஷன் சுரேஷ் ஞாயிற்றுக்கிழமை முழுக்க சோபாவில் கிரிக்கெட் பார்க்கிறான். அவனிடம் யார் போய்ச் சத்தத்தைக் காணோம் என்று கேட்டார்கள்?

ஜூன் 21, சனி

என் மூளையே மூளை! டி, எஃப், ஜே, கே நாலுக்கு மட்டும் சத்தமில்லாத ரெட், மற்றதெல்லாம் ப்ளூ. எழுதினால் வீடே கேட்கும். ஆட்டத்துக்கு வேகமும் கிடைக்கும்.

ஜூன் 23, திங்கள்

மூளையாவது மண்ணாவது. விளையாட அந்த நாலு கீ மட்டும்தானே வேண்டும்? எழுதும்போது டக் டக். விளையாட ஆரம்பித்ததும் கப்சிப். அத்தை சரியாக அப்போது பார்த்து உள்ளே வந்தார். பாட்டு பாதியில் இருக்கிறது, திரை முழுக்கக் கலர் கலராகக் கட்டைகள்.

"என்னது இது?"

"விளையாட்டு அத்தை."

"பச்சப்புள்ள ஆடுற மாதிரியா?"

அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். "தெனமும் இதுதானா? நீ வேலை பாக்கன்னு டிவியக்கூட கம்மியா வச்சு, காபிய கைல கொண்டாந்து குடுத்து... நல்லாருக்கு." போய்விட்டார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஜூன் 24, செவ்வாய்

டிவி சத்தம் காதைப் பிளக்கிறது. வேண்டுமென்றேதான்.

ஜூன் 26, வியாழன்

சுரேஷ் சமாதானம் பண்ண வந்தான். "பழையபடி எல்லாத்தையும் ப்ளூவா மாத்திடேன். அம்மாவுக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி."

எனக்கு என்னடா நிம்மதி? நான் உயிரோட இருக்கேன்னு காட்ட தட்டிக்கிட்டே இருக்கணுமா? வேலையை முடிச்சுட்டுத்தானே ஆடறேன்? இதை அவனிடம் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

ஆனால் அத்தை முகமும் கண்ணிலேயே நிற்கிறது. அவர் குறைத்து வைத்த டிவி அவர் எனக்குத் தந்த மரியாதை. அதை நான் வேறு கணக்கில் வாங்கிக்கொண்டேன். அவருக்குக் கோபம் வந்தது நியாயம்தான். அதற்காக ஆட்டத்தை விட வேண்டும் என்பது மட்டும் எப்படி நியாயம் என்று தெரியவில்லை.

ஜூன் 28, சனி

எல்லா கீக்கும் ஒரே சுவிட்ச் போட்டேன். சத்தமில்லாத ரெட்தான், ஆனால் கொஞ்சம் கனமான ஸ்பிரிங். ராபர்ட் கொடுத்தனுப்பினான். விரல் பட்டதும் எழுத்து விழவில்லை. ஆட்டத்துக்கும் சரியாக இருக்கிறது. என் விரலுக்கு எது நல்லதோ அதைப் போட்டிருக்கிறேன், யார் காதுக்காகவும் இல்லை.

பிறகு அடுப்படிக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். "அத்தை, மத்தியானம் வேலை முடிஞ்சதும் ஒரு மணி நேரம் ஆடுவேன். அப்ப கதவ சாத்திக்குவேன். சாயங்காலம் ஸ்டிக்கர் ஒட்ட நானே வரேன்." அவர் வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

ஜூலை 4, வெள்ளி

சாயங்காலம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒட்டுகிறோம். நான் ஒட்டுவது கோணலாக இருந்தால் பிய்த்துவிட்டுத் திரும்ப ஒட்டுகிறார். மத்தியானம் கதவைச் சாத்தும்போது அடுப்படிப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொள்கிறேன். இருந்தாலும் சாத்துகிறேன்.

ஜூலை 18, ஆடி முதல் வெள்ளி

பாட்டு நடுவில் இருக்கும்போது கதவு தட்டும் சத்தம். இந்த வீட்டில் பகலில் யாரும் கதவைத் தட்டி நான் கேட்டதில்லை. கூரியர்காரர் தப்பாக உள்ளே வந்துவிட்டாரோ என்று நினைத்து "யாரு?" என்றேன்.

"நாந்தான். வேலையா, ஆட்டமா?"

வேலை என்று சொல்லியிருக்கலாம். வெளியே நிற்பவருக்கு எப்படித் தெரியும்?

"ஆட்டம் அத்தை."

"பாயாசம் கொதிக்கக் கொதிக்க இருக்கு. முடிச்சிட்டே வா." செருப்பில்லாத காலடி அடுப்படிப் பக்கம் போயிற்று.

அதற்குள் கட்டைகள் எல்லாம் விழுந்து ஆட்டம் தோற்றிருந்தது. எழுந்திருக்கவில்லை. முதலிலிருந்து ஆடினேன்.