தோள் முதலா, ஈரோடு முதலா

செப்டம்பர் 16, செவ்வாய்

இடது தோள். வலதாக இருந்திருந்தால் டைரியும் நின்றிருக்கும். அந்த மட்டில் கர்த்தருக்கு நன்றி.

இன்றைக்கும் ஸ்டாஃப் ரூமில் விசாரணை. "பட்டம் விட்டா தோள் எறங்குமா, புனிதா மிஸ்?" நம்ம தெருப் பட்டம் இல்லைங்க, ஒரு ஷேர் ஆட்டோவையே மூடுகிற அளவு துணி, அது காற்றில் இழுக்க இழுக்க நாம் காலில் பலகையோடு தண்ணீர்மேல் போக வேண்டும் என்று சொன்னேன். "ஒங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை?" என்றார்கள்.

எதுக்கா? நாற்பத்தொரு வயது பி.டி. டீச்சர், மரக்காணம் உப்பங்கழியில் பலகைமேல் எழுந்து நின்றேன். விழாமல் ஒரு தென்னந்தோப்பு நீளம் போனேன். வலி இருக்கிறது. ஆனாலும் அதை நினைத்தால் தன்னால் சிரிப்பு வருகிறது. நான் வெட்கப்பட வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். மாட்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

எப்படி ஆனது என்று எழுதி வைக்கிறேன். யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை.

காற்று திடீரென்று தூக்கினால் பட்டக் கயிறுகள் மாட்டிய கைப்பிடிக் கம்பியை விட்டுவிட வேண்டும். விட்டால் பட்டம் வலு இழந்து தானே விழும். முதல் நாள் பாடமே அதுதான். பயிற்சியாளர் கரையிலிருந்து தொண்டை கிழியக் கத்தினார்: "விடுங்க மேடம்! விட்டுடுங்க!"

எங்கே விடுவது? சின்ன வயதில், எங்கள் ஊர் பெருமுக்கல்லில் அப்பா மாட்டைக் கையில் கொடுக்கும்போதெல்லாம் ஒரே பேச்சுதான் — கயித்த மட்டும் வுட்டுடாத. எங்களுக்கு நிலம் கிடையாது, கொல்லையெல்லாம் அடுத்தவருடையது. மாடு அவர்கள் மல்லாட்டையில், அதான் கடலைச் செடியில், வாய் வைத்தால் அப்பா போய்க் கைகட்டி நிற்க வேண்டும். முட்டி தேய இழுத்துக்கொண்டு ஓடிய கன்றைக்கூட நான் விட்டதில்லை. உப்பங்கழியிலும் அதையேதான் செய்தேன். வலது கை நழுவிவிட்டது, இடது கை விடவில்லை. தோள் கழன்றது.

செப்டம்பர் 20, சனி

பாண்டிச்சேரியில் ஸ்கேன். டாக்டர் படத்தைப் பார்த்துக்கொண்டே, "பைக்ல இருந்தா?" என்றார். "பட்டத்துல இருந்து." "மாடியில விட்டீங்களா?" என் வீட்டுக்காரர் தென்னரசு வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

விஷயம் இதுதான். மூட்டுக் கிண்ணத்தின் ஓரச் சவ்வு கிழிந்திருக்கிறது. இப்போதே செய்தால் சின்னத் துளை வழியாகத் தைத்துவிடலாம். செய்த பிறகு ஆறு வாரம் கை கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில். மூன்று மாதத்துக்குப் பயணம் கூடாது, கூட்டத்தில் நிற்கக் கூடாது. தள்ளிப்போடலாமா என்று கேட்டேன். "போடலாம். ஆனா இன்னொரு தடவை நழுவினா எலும்பு ஓரமும் தேயும். அப்புறம் பெரிய ஆபரேஷன்தான்."

நவம்பர் கடைசியில் ஈரோட்டில் மாநில கோ-கோ. எங்கள் பெண்கள் போன மாதம் மாவட்டத்தில் முதலிடம். விழுப்புரத்தில் எங்கள் பள்ளி வரலாற்றிலேயே முதல் தடவை. வெயிலில் அவர்களை ஓட ஓட விரட்டியது யார்? நான். இப்போது போய்க் கையைத் தொட்டிலில் போட்டுக்கொண்டு வீட்டில் உட்காரவா?

செப்டம்பர் 23, செவ்வாய்

பெற்றோர்களைக் கூப்பிட்டுப் பேசினோம். ஆபரேஷன் என்ற வார்த்தை வந்ததும் ஓர் அப்பா எழுந்துவிட்டார். "பி.டி. டீச்சர் கூடப் போனா அனுப்புறோம். ஆம்பள சார் கூடல்லாம் வாணாங்க. வயசுப் பொண்ணு." மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

கோபம் வந்தது. ஆனால், பொய் சொல்வானேன், உள்ளுக்குள் குளிர்ந்தும் போனது. என்னை நம்பித்தானே அனுப்புகிறார்கள்!

செப்டம்பர் 24, புதன்

தள்ளிப்போடுகிறேன். டிசம்பரில் பார்த்துக்கொள்ளலாம். முடிவு.

செப்டம்பர் 25, வியாழன்

தென்னரசு சண்டை போடவில்லை. அதுதான் பேஜாரு. "தோளு ஒன்னுது, முடிவும் ஒன்னுது. ஆனா நீ பொரண்டு படுக்கறப்பல்லாம் கத்தறது எனக்குத்தான் கேக்குது" என்று சொல்லிவிட்டுப் பல் துலக்கப் போய்விட்டார்.

அக்டோபர் 6, திங்கள்

காலாண்டு லீவு முடிந்து முதல் நாள். எழுதப் பிடிக்கவில்லை.

மறுபடியும் கழன்றது.

அக்டோபர் 7, செவ்வாய்

சரி, எழுதிவிடுகிறேன்.

கேப்டன் வெண்ணிலாவுக்குக் கம்பத்தைப் பிடித்துச் சுழன்று பாயும் டைவ் வரவே இல்லை. வாயால் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ஒரே ஒரு தடவை காட்டிவிடுவோம், வலது கையால்தானே என்று பாய்ந்தேன். விழும்போது இடது கை தானாக ஊன்றியது. அவ்வளவுதான். மண்ணில் முகம் குப்புறக் கிடக்கிறேன், சுற்றி அத்தனை பெண்களும்.

ஒருத்தியும் அலறவில்லை. வெண்ணிலா என்னைப் பிடித்து உட்காரவைத்து, தன் துப்பட்டாவால் கையைக் கட்டினாள். ஒருத்தியை ஆட்டோவுக்கு அனுப்பினாள், ஒருத்தியைத் தலைமை ஆசிரியரிடம். முதலுதவி வகுப்பில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவள் அவள்! வலியிலும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆட்டோவில் ஏறும்போது சொன்னாள். அழுகையும் கோபமுமாக. "ஈரோட்டுலயும் இப்பிடி வுழுந்தீங்கன்னா? நாங்க ஆட்டத்தப் பாக்கறதா, ஒங்களப் பாக்கறதா? சும்மா இருங்க மிஸ்!"

என்னை யாரும் இப்படிப் பேசினதில்லை. எங்க அம்மாகூடப் பேசினதில்ல. என்னா திமிரு அவளுக்கு! ஆனா அவ சொன்னதுல என்ன தப்பு? நான் போனா அவளுங்க என்னத்தான் பாத்துக்கினு இருப்பாளுங்க. பாதுகாப்புக்குப் போற டீச்சருக்கே பாதுகாப்பு தேவைப்படுது.

டாக்டர் தோளை உள்ளே தள்ளிவிட்டு, மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். எலும்பு தப்பித்தது. "இந்த தடவ" என்றார்.

ஆனால் நான் போகாவிட்டால் அவர்களும் போக முடியாது. அதுக்கு என்ன வழி?

அக்டோபர் 9, வியாழன்

வெண்ணிலாவின் அம்மா வீரம்மாள் திண்டிவனத்தில் என் வீட்டுக்கே வந்துவிட்டார். களையெடுக்கிற வேலையை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி. கையில் ஒரு பை மல்லாட்டை.

"டீச்சர், நீங்க ஆபரேசன் பண்ணிக்கோங்க. நான் கூடப் போறேன். நான் பொம்பள தானே?"

பள்ளி ஆசிரியை ஒருத்தர் கட்டாயம் இருக்க வேண்டும், அதுதான் விதி என்றேன். "அதுக்குத்தான் கணக்கு டீச்சரக் கேட்டுட்டு வர்றேன்" என்றார்.

கணக்கு டீச்சர் இசைவாணியையா! என் பி.டி. பீரியடைப் பிடுங்கிப் பிடுங்கி இயற்கணிதம் நடத்துகிற இசைவாணி மிஸ்ஸா! அவர் முகத்தைப் பார்த்துப் பேசியே ஒரு வருஷம் இருக்கும். நான் போய்க் கேட்டிருப்பேனா? செத்தாலும் கேட்டிருக்க மாட்டேன். வீரம்மாள் வாசலில் நின்று நேரே கேட்டிருக்கிறார், அவரும் சரி என்றிருக்கிறார். மற்ற வீடுகளுக்கும் வீரம்மாளே போய்ப் பேசிவிட்டாராம். "அம்மாவே கூட வர்றப்ப அவங்க என்னா சொல்லப் போறாங்க?"

 இந்தக் கணக்கில் நான் இல்லாமலே எல்லாம் நேராகிவிட்டது. கொஞ்சம் சுருக்கென்றது. எழுதத்தானே டைரி.

அக்டோபர் 14, செவ்வாய்

நாளை ஆபரேஷன். வெண்ணிலாவிடம் விசிலைக் கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் 23, வியாழன்

தென்னரசு எனக்குத் தலை பின்னிவிடுகிறார். மாட்டுவாலை முறுக்குகிற மாதிரி இழுக்கிறார். கத்தினால், "கோ-கோ புள்ளைங்களப் பாத்து நீ இப்பிடித்தான கத்துவ" என்கிறார்.

நவம்பர் 29, சனி

காலையிலிருந்து போன் கையைவிட்டு இறங்கவில்லை. அரையிறுதி. மைதானத்திலிருந்து இசைவாணி மிஸ் நேரடி வர்ணனை. அவருக்கு விதி ஒன்றும் தெரியாது. "யாரோ யாரையோ தொட்டுட்டாங்க மிஸ்! நம்ம பொண்ணு எழுந்துட்டா! ஐயோ இல்ல, உக்காந்துட்டா!" பின்னால் வீரம்மாளின் குரல்: "ஓடுடி! ஜல்தி ஓடுடி!" நான் கட்டிலில் உட்கார்ந்தபடி தலையணையை அடித்துக்கொண்டிருந்தேன். வலது கையால்தான்.

தோற்றுவிட்டோம். ஒரே ஒரு பாயிண்ட்.

சாயங்காலம் வரைக்கும் அழுதேன். நான் இருந்திருந்தால்? அந்தக் கேள்வியை எத்தனை தடவை கேட்டுக்கொண்டேனோ.

நவம்பர் 30, ஞாயிறு

மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். ஜெயித்துவிட்டார்கள்! மாநிலத்தில் மூன்றாவது!

டிசம்பர் 1, திங்கள்

காலையில் கதவைத் திறந்தால் வாசல் முழுக்கச் செருப்பு. ஈரோட்டிலிருந்து விழுப்புரத்தில் இறங்கினவர்கள், வீட்டுக்குப் போகாமல் அடுத்த ரயிலைப் பிடித்துத் திண்டிவனம் வந்துவிட்டார்கள். குளிக்கவில்லை, சாப்பிடவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தென்னரசு இட்லி வாங்க ஓடினார்.

மெதுவாகத்தான் எனக்கு விளங்கியது. ஓடுகிறவர்கள் மும்மூன்று பேராகக் களத்துக்குள் போவார்கள். கெட்டிக்காரிகளை முதல் மூன்றில் அனுப்புவதுதான் என் வழக்கம், என்றைக்கும் மாற்றியதில்லை. அரையிறுதியில் அப்படித்தான் போய்த் தோற்றார்கள். மறுநாள் வெண்ணிலா சின்னவர்களை முதலில் அனுப்பிவிட்டு, தன்னைக் கடைசிக்கு வைத்துக்கொண்டாள். துரத்தித் துரத்தி எதிரணி களைத்த பிறகு உள்ளே போனவள், நேரம் முடியும்வரை பிடிபடவில்லை.

"யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லல மிஸ். நீங்க இல்லன்னுதான் மாத்திப் பாத்தோம். இருந்திருந்தா திட்டுவீங்க."

திட்டியிருப்பேன். சத்தியமாகத் திட்டியிருப்பேன்.

முந்தாநாள் 'நான் இருந்திருந்தால்' என்று அழுதேனே. இருந்திருந்தால் இந்த வெண்கலமும் வந்திருக்காது. இதை எழுதும்போது மனம் நோகவில்லை. நெஞ்சு நிமிர்கிறது. இப்படிப்பட்ட பிள்ளைகள் என் பிள்ளைகள்.

ஜனவரி 18, ஞாயிறு

பொங்கல் லீவு கடைசி நாள். சுவரில் விரலை ஊன்றி ஊன்றி ஏற்றுகிற பயிற்சி. இன்றைக்கு இடது கை காது வரைக்கும் போனது. தென்னரசு போட்டோ எடுத்தார். பெருமை தாங்கவில்லை, வெண்ணிலாவுக்கு மட்டும் அனுப்பினேன்.

பாராட்டுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் வந்தது:

"இன்னும் மேல, மிஸ்."