மேட்டில் இழுக்காத கார்

என்னங்க,

கார் சாவி ஆணியில் மாட்டியிருக்கிறது. நான் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். நாலு மணிக்கு உங்கள் அம்மா ஃபெரிப் படகில் வருகிறார். ஜெட்டிக்குப் போய் அழைத்து வாருங்கள். மீன் கறி வைத்துவிட்டேன், சோறு மட்டும் ஆக்குங்கள்.

ஆக்சிலேட்டர் சட்டென்று பிடிக்க நீங்கள் பொருத்திய சின்னப் பெட்டியைப் பற்றி ஒன்று. ஆயர் ஈத்தாம் மேட்டில் நான் ஓட்டினால் மட்டும் கார் இழுக்காது, பின்னால் ஹாரன் அடிப்பார்கள். "ஒனக்கு அமுக்கத் தெரியலை லா" என்பீர்கள். நேற்று ஆயில் மாற்றப் போனபோது மெக்கானிக் பார்த்துவிட்டு, "அக்கா, பெட்டி ஈக்கோல இருக்கு, பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற மோடு. எவ்வளவு அமுக்கினாலும் மெதுவாத்தான் ஏறும்" என்றார்.

உங்கள் கையில் அது ஸ்போர்ட் என்ற வேக மோடில் பறக்கிறதே! அப்படியென்றால் சாவியைத் தருமுன் நீங்கள்தான் குறைத்து வைக்கிறீர்கள். போன வருஷம் நான் தூணில் இடித்த பயம். பயம் என்றே சொல்லியிருக்கலாம். ஆறு மாதமாக என் காலை அல்லவா நான் சந்தேகப்பட்டேன்.

இன்று உங்களுக்கு ஈக்கோவில் வைத்திருக்கிறேன். மாற்றாமல் ஒரு தடவை மேடு ஏறிப் பாருங்கள்.

தனுஜா

பி.கு. ஏன் ஹாரன் அடிக்கிறார்கள் என்று அம்மா கேட்டால், "எனக்கு அமுக்கத் தெரியலைம்மா" என்று சொல்லுங்கள்.