ஈரச் சோளம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன், அலுப்புதான் தீரவில்லை.

மக்காச்சோளக் கதிரைச் செடியிலேயே சருகாகக் காயவிட்டு அறுக்க வேண்டும். முதலாளிக்கு அவசரம். ஈரத்தோடு அறுத்து, உலர்த்தும் எந்திரத்தில் அரைகுறையாகச் சூடுகாட்டி, தகரக் குதிரில் கொட்டிவிட்டார். உள்ளே சோளம் பாளமாக ஒட்டிக்கொண்டது. அடியில் சோளத்தை இழுக்கும் மோட்டார் ஓடும்போதே, கம்பியால் குத்திவிட என்னை இறக்கினார்கள். பாளம் உடைந்ததும் இடுப்புவரை புதைந்தேன். சோளம் ஏற்ற வந்திருந்த லாரி டிரைவர் அண்ணன்தான் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கயிறு போட்டு இழுத்தார். "உரல்ல சொருகின உலக்கை மாதிரி நின்னியேடா!" என்று சிரித்தார். என் ஒரு செருப்பு உள்ளேயே போய்விட்டது.

ஓடிவந்த மேஸ்திரி கேட்டது ஒன்றுதான்: "செருப்பு எங்கடா? சோளத்துல கலந்துட்டா எவன் வாங்குவான்?" ஆள் கலந்தால் பரவாயில்லை போல.

பயப்படாதே, கீறல்கூட இல்லை. நாளையும் இறங்கச் சொல்கிறார்கள். சுவிட்ச் பெட்டியைப் பூட்டிச் சாவியை என்னிடம் தந்தால்தான் இறங்குவேன் என்று சொல்லிவிட்டேன். "அப்ப மூட்டையக் கட்டு" என்றார் மேஸ்திரி.

என் பாயை எடுத்து வெயிலில் போட்டு வை. இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் வண்டிக்காரர் கூப்பிடுகிறார், நிறுத்துகிறேன்.

உன் மகன்