நாலு நாள் வயசு

அன்புள்ள தம்பிக்கு,

கர்த்தருக்குத் தோத்திரம் என்று எழுதித்தான் நம் வீட்டுக் கடிதங்கள் தொடங்கும். இந்த முறை பேனா அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. மன்னித்துக்கொள். நானும் உன் அத்தானும் இருக்கிறோம். சுகமாக என்று எழுதக் கை வரவில்லை.

உன் கடிதம் கிடைத்தது. ஆறு பக்கம். தம்பி எழுதியதாகத் தெரியவில்லை, போதகர் எழுதியதாகத்தான் இருந்தது. மேசியா உலகம் உண்டாவதற்கு முன்பே பிதாவோடு இருந்தவர், மனிதனாய் வந்து மரித்து உயிர்த்தவர், இன்றும் உயிரோடிருக்கிறவர், அவருக்குத் தொடக்கமும் இல்லை முடிவும் இல்லை, ஆகவே தேறுதலாயிரு என்று எழுதியிருந்தாய். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? உன்னை மடியில் உட்காரவைத்து இதைச் சொல்லிக்கொடுத்தவளே நான்தானே. இப்போது நான் கேட்கிறேன். தொடக்கமும் முடிவும் இல்லாதவருக்கு, திங்கட்கிழமை தொடங்கி வியாழக்கிழமை முடிந்துபோன ஓர் உயிரைப் பற்றி என்னடா தெரியும்?

உன் அத்தான் வேலைக்குப் போகிறார். பிள்ளை இருந்த அந்த ஆஸ்பத்திரியில் லிஃப்ட் பழுதென்று போன செவ்வாய்க்கிழமை கூப்பிட்டார்கள். இத்தனை வருஷமாக அதைப் பார்ப்பவர் அவர்தானே, போனார். மூன்றாவது மாடியில் கதவு திறந்தால் எதிரே அந்த வார்டு. கண்ணாடிப் பெட்டிகள் தெரிந்திருக்கும் போல. கையில் ஸ்க்ரூடிரைவரோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். கூடப் போன எலக்ட்ரீஷியன் கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுவந்து விட்டார். என்ன ஆச்சு என்று கேட்டால், "மோட்டார் சூடாயிடுச்சு, வேற ஒண்ணுமில்ல" என்றார். நானும் சரி என்றேன். இப்படித்தான் ஒருவருக்கொருவர் பொய் சொல்லிக் காலம் தள்ளுகிறோம்.

நான் தையல் கடைக்குத் திரும்பிவிட்டேன். பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, அவ்வளவுதான். சின்ன அளவுத் துணி வந்தால் முதலாளியம்மா எனக்குத் தெரியாமல் அடுத்த மெஷினுக்குத் தள்ளிவிடுகிறார். தெரியாமல் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஞாயிறு பள்ளிக்கும் ஒரு வாரம் போய்ப் பார்த்தேன். பார், அன்றைக்கென்று பாடமும் நீ எழுதியதேதான், தொடக்கமில்லாமல் அநாதியாய் இருக்கிறவர். ஒரு வாயாடிப் பெண் உண்டு, அவள் எழுந்து, "அப்ப அவருக்குப் பொறந்தநாளே கிடையாதா டீச்சர்?" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, நம்புவாயா? தேவனாக அவருக்குத் தொடக்கம் இல்லை, மனிதனாக ஒரு நாள் பிறந்தார் என்று ஒழுங்காகத்தான் சொன்னேன். அவள் விடவில்லை. "உங்க பாப்பாவுக்குப் பொறந்தநாள் வருமா டீச்சர்?" என்று கேட்டாள். சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டு வந்தவள்தான், திரும்பப் போகவில்லை.

அன்றிலிருந்து ஒரு நினைப்பு என்னைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. எல்லாவற்றுக்கும் முந்தினவர் என்கிறோமே, அவரும் ஒருநாள் நாலு நாள் வயசுப் பிள்ளையாகத்தானே கிடந்தார்? கழுத்து நிற்காமல், விரலைக் கொடுத்தால் இறுகப் பிடித்துக்கொண்டு. அதை நினைத்தபோது ஒரு நிமிஷம் நெஞ்சு இளகியது. அப்படியானால் அவருக்குத் தெரியும் என்று தோன்றியது. ஆனால் அடுத்த நிமிஷமே அந்தத் தாயின் முகம் வந்தது. செத்த பிள்ளை மூன்றாம் நாள் உயிரோடு எழுந்துவிட்டான் என்று அவளுக்குச் செய்தி வந்தது. எனக்கு இன்றோடு நாற்பத்தொரு நாள், ஒரு செய்தியும் இல்லை. கல்லறையில் நட்ட பலகையில் பெயர்கூட இல்லை. ஆண் குழந்தை என்று மட்டும் பெயின்டில் எழுதியிருக்கிறார்கள். மழைக்கு அதுவும் கரைகிறது.

நீ படித்தவன், ஒன்றே ஒன்று சொல். நித்தியம் என்கிறீர்களே, அங்கே என் பிள்ளை வளர்வானா? இல்லை, நான் போய்ச் சேரும்போதும் அவனுக்கு நாலு நாள் வயசுதானா? என்னை அவனுக்கு அடையாளம் தெரியுமா? தெரியாதென்றால் தெரியாதென்றே எழுது. ஆறு பக்கம் வேண்டாம்.

இன்னொரு விஷயம். நேற்று உன் மாமியார் போனில் வாய்தவறிச் சொல்லிவிட்டார். உன் மனைவிக்கு மூன்றாம் மாதமாமே. அக்காவுக்குத் தெரியக்கூடாது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாயாம். நீ இங்கே வராமல் கடிதமாக எழுதித் தள்ளுவது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. உன்னிடம் மறைக்க மாட்டேன், முதலில் வயிறு எரிந்தது. போனை வைத்துவிட்டுக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பிறகு முட்டி போட்டேன். கர்த்தரோடு எனக்குச் சண்டை தீரவில்லை. தீருமா என்றும் தெரியவில்லை. எனக்கென்று எதையும் கேட்க வாய் வரவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன். இந்த நாற்பத்தொரு நாளில் நான் கேட்டது அது ஒன்றுதான். என் தம்பி பிள்ளைக்கு ஐந்தாம் நாளைக் கொடும் என்றேன்.

அவளைப் பாரமான எதையும் தூக்கவிடாதே. மாடிப்படியில் கையைப் பிடித்துக்கொள்.

உன் அக்கா