பட்டியலிலிருந்து நீ நீக்கிய கோப்பு

இன்று காலை திருப்புறம் ஆய்வகத்திலிருந்து புதுக் கணினி ஒன்று மேசைக்கு வந்தது. நம் ரத்தப் பரிசோதனை மென்பொருளை அதில் நிறுவினேன். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அறிக்கையை அச்சடிக்கச் சொன்னதும், கோப்பு ஒன்றைக் காணவில்லை என்று அதே பழைய அறிவிப்பு திரையில் வந்து நின்றது. ஆறு வருடம் கழித்துப் பார்க்கிறேன். உன் முகம் நினைவுக்கு வந்தது.

அன்று பாறசாலை அலுவலகத்தில் நாம் இரண்டு பேர்தான். பழைய கணினிகளில் ஓடிய மென்பொருளைப் புதியவற்றுக்கு மாற்ற வேண்டும். நிரல் உன் வேலை, அதைக் கணினியில் நிறுவித்தரும் இன்ஸ்டாலர் கட்டுவது என் வேலை. மத்தியானம் உன் மரச்சீனிக் கிழங்கையும் என் மீன்கறியையும் பங்குபோட்டுச் சாப்பிடுவோம். இன்ஸ்டாலரில் சேரவேண்டிய கோப்புகளின் பட்டியலை மூன்று தடவை சரிபார்ப்பேன். "பேடிக்காண்டாம் மக்கா, நான் உண்டு" என்று என் பயத்தைக் கேலி செய்வாய். நானும் நம்பித் தொலைத்தேன்.

ஆய்வகத்தில் நிறுவிய அன்று அச்சு வரவில்லை. நோயாளிகள் வாசல்வரை நின்றார்கள். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே முதலாளியிடம் சொன்னாய்: "எனக்க கம்ப்யூட்டர்ல நல்லா ஓடிச்சு சார். செட்டப்பு கெட்டினது இவளாக்கும்." பிறகு பென் டிரைவில், விடுபட்ட அந்தக் கோப்பைக் கொண்டுபோய், ஒவ்வொரு கணினியிலும் கையால் போட்டு நல்ல பேர் வாங்கினாய். பட்டியல் உன் கணினியில் இருந்தது, என்னைப் பார்க்க விடவில்லை. அன்றைக்கே என் வேலை போயிற்று. ஆய்வகம் என் வீட்டுக்கு இரண்டு வளைவு தள்ளி. ரிசல்ட்டைக் கெடுத்தவள் என்று ஊரே பேசியது. ஆறு வருடம் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து அடுத்தவர்களுக்குப் படிவம் நிரப்பினேன்.

போன மாதம் நெஞ்சுவலியில் நீ போய்ச் சேர்ந்தாய். அந்தப் பழைய மென்பொருள் வேறு யாருக்கும் தெரியாததால் முதலாளி என்னையே திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார். இன்று உன் கணினியைத் திறந்தேன். நான் கட்டிய பட்டியலில் அந்தக் கோப்பு இருக்கிறது. மறுநாள் பட்டியலில் இல்லை. நீக்கியது உன் பெயரில், 'தேவையில்லை' என்ற குறிப்போடு. உன் கணினியில் பழைய பதிப்பு அழிக்கப்படாமல் கிடந்தது. புதியது அதிலிருந்த கோப்பைப் பயன்படுத்தி ஓடியிருக்கிறது. புதுக் கணினி எங்கே போய் எடுக்கும்? ஆய்வகத்துக்குப் போன முந்தின நாள் உன் கையால் நீக்கியதை மறுநாள் மறந்திருப்பாயா?

முதலாளியிடம் காட்டினேன். "போனவன் போயாச்சு. இனி எதுக்கு மக்கா?" என்றார்.

"அவன் போயாச்சு சார். எனக்க பேரு இங்கதானே கெடக்கு?"

தவறு உன்னுடையது என்று உன் பெயர் போட்டு ஆய்வகத்துக்கு அவரைக் கடிதம் எழுத வைத்தேன். சாயங்காலம் நானே கொண்டுபோய், காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி ஆய்வகத்துக்காரரை வாசிக்கச் சொன்னேன். மனசு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் உன் மனைவி போன் செய்தாள், நாற்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு வரச் சொல்லி. "அவளுக்க வேலையில ஒரு தப்பும் காணாதுன்னு உங்களப் பத்தி அவரு எப்பவும் சொல்லுவாரு அக்கா" என்று அழுதாள்.

வீட்டுக்குள் சொன்னாயாம். அதை வெளியே ஒரு தடவை சொல்ல உனக்கு ஆறு வருடம் போதவில்லை. நேருக்கு நேர் நிறுத்திக் கேட்கலாமென்றால் அதற்குள் செத்தும் தொலைத்தாய். அதையும் சேர்த்துத்தான், உன்னை நான் மன்னிக்கப் போவதில்லை.