மாடில்லாத பால்

மயிலாப்பூர்
நவம்பர் 17

அன்புள்ள பிரணவ்,

முடியாது என்று நேற்று நான் சொல்லவில்லை. "இன்னும் ஒரு வருஷத்துல உன் பால் ஆராய்ச்சி முடிஞ்சுடுமா? முடியாதுன்னா சொல்லிடு மஹதி, ரோட்டர்டாம்ல நான் எத்தனை நாள் தனியா காத்துண்டிருக்கறது?" என்று நீ ஃபோனில் கேட்டாய். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

தரமணி லேபில் எங்கள் தொட்டியில் ஈஸ்ட் நுண்ணுயிர் பால் புரதத்தைச் சுரப்பது உண்மை. மாட்டின் மடியில் இருக்கும் அதே புரதம். ஆனால் கேசின் என்கிற அந்தப் புரதத்தின் நான்கு வகைகளும் கால்சியத்தோடு நுண்ணிய உருண்டைகளாகத் திரண்டால்தான் அது பாலாக நடந்துகொள்ளும். எங்களுக்கு இரண்டுதான் கைவந்திருக்கின்றன. ஒரு மாடு அசைபோட்டபடி செய்வதை லேபில் எங்கள் ஆறு பேரால் செய்ய முடியவில்லை. செய்தாலும் வீடுகளில் வாங்குகிற விலைக்கு வரப் பத்து வருஷம் ஆகலாம். இருந்தும் காலையில் தொட்டியிலிருந்து மாதிரி எடுக்கும்போது வேறெங்கும் போகத் தோன்றுவதில்லை.

வெள்ளிக்கிழமை இந்த மாடி போர்ஷனுக்குக் குடிவந்தேன். பால் காய்ச்சியே ஆகவேண்டும் என்று வீட்டுக்கார ஜெயலக்ஷ்மி மாமி வந்து நின்றார். லேப் தலைவர் ராம்குமார் சாரிடம் கேட்டு, எங்கள் பாலையே அரை லிட்டர் கொண்டுவந்திருந்தேன். என் முதல் அடுப்பில் அதுதான் பொங்கவேண்டும் என்று ஆசை. நீலம் பாய்ந்து, தண்ணீர் மாதிரி கொதித்தது. ஆடைகூடப் படியவில்லை.

"ஏண்டி, கொதிக்கறதேயொழிய பொங்க மாட்டேங்கறதே! மாடில்லாத பாலுக்கு ரோஷமும் கிடையாதா?" என்றார் மாமி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வாரம் நான் சிரித்தது அப்போதுதான். கீழே போய் ஒரு பாக்கெட் பால் எடுத்துவந்து அவரே காய்ச்சினார். அது நிமிஷத்தில் பொங்கி அடுப்பை நனைத்தது.

போகும்போது, "உங்காத்துக்காரர் எப்போ வரார்?" என்று கேட்டார். அடுத்த மாசம் என்றேன். வாயில் அப்படித்தான் வந்தது.

அடுத்த மாதம் ஒரு வாரமாவது வா, பிரணவ். வருஷக் கணக்கு பேச வேண்டாம். சும்மா வந்து இரு. மாடியில் கடல் காற்று வருகிறது. அங்கே குளிரில் காதை மூடாமல் சைக்கிளில் போகாதே.

அன்புடன்,
மஹதி


ஆகஸ்ட் 3

பிரணவ்,

வக்கீல் அனுப்பிய விவாகரத்துத் தாள்களில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன் புத்தகங்களை இரண்டு பெட்டிகளில் கட்டி இன்று கூரியரில் அனுப்பினேன்.

மஹதி