அரும்பாயி என்று பெயர் வைத்தவர்கள்

ஜனவரி 6, திங்கள்

இன்றும் கடைக்கு வந்த முதல் ஆள் அதையே கேட்டார். "பாப்பா, உன் பேரென்ன?" ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்க வந்தவருக்கு என் பெயர் எதற்கு? சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. முதலாளி ராஜபாண்டி அண்ணன்தான் உள்ளேயிருந்து கத்தினார். "அரும்பாயிண்ணே! உசிலம்பட்டிக்கே ஒன்னுதான். கண்ணு வச்சிராதீக!"

ஒன்றுதானாம். எங்கள் ஊருக்கு வந்து பார்க்கட்டும். எங்கள் வகையறாவில் மட்டும் பதினோரு அரும்பாயி. பங்காளிகள் நாலு வீட்டிலும் முதல் பெண் குழந்தைக்கு அந்தப் பெயர்தான். நெட்டை அரும்பாயி, பல்லு அரும்பாயி, ரேஷன் கடை அரும்பாயி. நான் ஊமை அரும்பாயி. ஊர் எல்லையைத் தாண்டினால் அந்தப் பெயரை யாரும் கேள்விப்பட்டதே இல்லை.

பிளஸ் ஒன்னில் வருகைப் பதிவு எடுக்கும்போது என் பெயர் வந்ததும் பின்பெஞ்சில் சிரிப்பு கிளம்பும். எனக்குக் குரல் வராது. எழுந்து மட்டும் நிற்பேன். பாதி வருஷத்தில் நின்றுவிட்டேன். வீட்டில் தலைவலி என்று சொன்னேன்.

ஜனவரி 12, ஞாயிறு

அண்ணன் குழந்தைக்குப் பத்து நாள். மதினி அடுத்த தெருவில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். போய்ப் பார்த்தேன். குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"சாருலதான்னு வைக்கணும்னு ஆசை அரும்பு" என்றாள் மதினி. தையல் வகுப்பில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சரின் பெயராம். அண்ணன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பேருதான் ஏற்கனவே இருக்குல்ல. அப்புறம் என்ன சாருவும் ரசமும்?"

பெயர் வைப்பது அடுத்த மாதம், எங்கள் அரும்பாயி அம்மன் கோயில் கும்பாபிஷேகத்தன்று. அத்தைதான் குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். அத்தை நான்.

ஜனவரி 17, வெள்ளி

கோயில் என்றால் முன்பு உடைமரத்தடியில் ஒரு கல். அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒரு நாள் அரும்பாயி என்று பெயருள்ள பெண் ஒரு செம்புத் தண்ணீரை அந்தக் கல்லின் தலையில் ஊற்றுவாள். எட்டு வயதிலிருந்து நான்தான் ஊற்றுகிறேன்.

இப்போது அது கான்கிரீட் கோபுரம். மதுரையில் நகைக்கடை வைத்திருக்கும் ஒருவர் வேண்டிக்கொண்டு குழந்தை பிறந்ததாம். அதற்கு அரும்பஸ்ரீ என்று பெயர் வைத்தார். அதிலிருந்து வெள்ளிக்கிழமையானால் கார் கார். அரும்பிகா, அரும்பப்பிரியா என்று எங்கெங்கோ குழந்தைகள். அரும்பாயி ஆயில் மில். அரும்பாயி டிராவல்ஸ். அன்னதானத்துக்குப் பேப்பர் தட்டிலும் அம்மன் பெயரை அச்சடித்திருக்கிறார்கள். சாப்பிட்டுவிட்டு வாய்க்காலில் எறிகிறார்கள். இன்று ஒரு நாய் என் பெயரை நக்கிக்கொண்டிருந்தது. சாம்பார் வடிய வடிய. ச்சீ.

ஜனவரி 21, செவ்வாய்

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

கோயில் தலைவர் நல்லகாமன் பெரியப்பா தலவரலாற்றுப் புத்தகம் போட எங்கள் கடைக்குத்தான் கொடுத்திருக்கிறார். பூசாரி பேயாண்டி உடுக்கடித்துப் பாடுகிற கதையை முழுசாக ஒரு நோட்டில் எழுதி வாங்கியிருக்கிறார்கள். திருவிழாவில் அந்தக் கதையை ஆண்கள் மட்டும்தான் இருந்து கேட்பார்கள். பெரியப்பா நடுவில் ஒரு பக்கத்தைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, மேலே 'ஜோதியில் கலந்தாள்' என்று எழுதியிருக்கிறார். "உன் வரலாறையே நீ டைப் பண்றியேத்தா" என்று ராஜபாண்டி அண்ணன் சிரித்தார்.

அடித்திருந்தாலும் எழுத்து தெரிகிறது.

மேலூர்ப் பக்கமிருந்து மாடு வாங்க வந்த ஒருவன் தண்ணீர் கேட்டான். அரும்பாயி கொடுத்தாள். அவன் என்னவோ சொன்னான், இவள் சிரித்தாள். அண்ணன்மார் நாலு பேரும் பார்த்தார்கள். மறுநாள் தானியம் கொட்டிவைக்கிற குலுக்கையைக் கூட்டச் சொல்லி அவளை உள்ளே இறக்கினார்கள். ஆள் உயர மண் குலுக்கை. ஒல்லியான பெண்தான் அதற்குள் இறங்க முடியும். இறங்கியதும் மேலே மூடியைப் போட்டு மண்ணைக் குழைத்துப் பூசிவிட்டார்கள். மூன்று நாள் உள்ளேயிருந்து 'அண்ணே தண்ணி, அண்ணே தண்ணி' என்று சத்தம் வந்தது. நாலாம் நாள் வரவில்லை. பிறகு மாடு செத்தது, பிள்ளை செத்தது. பயந்துபோய்க் கல் நட்டார்கள். தண்ணீர் ஊற்றினார்கள். நாலு வீட்டிலும் முதல் பெண்ணுக்கு அவள் பெயரை வைப்பதாகச் சத்தியம் செய்தார்கள்.

அந்த நாலு வீடு எங்கள் நாலு வீடு.

மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். மூடிவிட்டேன்.

ஜனவரி 22, புதன்

'ஜோதியில் கலந்தாள்' என்று டைப் செய்தேன். என் விரல்தான் செய்தது. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவினேன். அடித்த பக்கத்தை ஒரு ஜெராக்ஸ் எடுத்து இந்த நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

எட்டு வயதிலிருந்து நான் ஊற்றிய தண்ணீர்! ஒவ்வொரு வருஷமும் புதுப்பாவாடை கட்டிக்கொண்டு, எல்லோரும் பார்க்கிறார்கள் என்று கூச்சப்பட்டுக்கொண்டு. செத்த பிறகு செம்பு செம்பாகத் தண்ணீர்.

ஜனவரி 27, திங்கள்

அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்தேன். அவள் வேறு வகையறாவிலிருந்து வந்தவள். மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். அவள் கை நிற்கவே இல்லை.

"இதென்னடி புதுசா? நாலு வீட்டுக்கும் தெரிஞ்ச கததான்."

"தெரிஞ்சுமா எனக்கு வச்சீக?"

"தெரிஞ்சதுனாலதான் வைக்கிறது. பேரு வச்சாத்தான் அவ அடங்கி இருப்பா."

செதிலைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள். அடங்கி இருப்பாளாம். யார், அவளா? நாங்கள் பதினோரு பேருமா?

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே கோயில் அன்னதானத்தில் பாயசம் குடிக்கிறார்கள். வாசல் வழியாக யார் போனாலும் நான் உள்ளே போய்விடுகிறேன்.

பிப்ரவரி 3, திங்கள்

பெரியப்பா அச்சுக்குப் போகும் முன் பிழை பார்க்க வந்தார். "பெரியப்பா, அந்தத் தண்ணி கேட்டது..." என்றேன். காதுக்குக் கையை வைத்தார். "என்னத்தா? வாயைத் தொறந்து பேசு. ஊமைன்னு பேரு வச்சது சரியாத்தான் இருக்கு." ராஜபாண்டி அண்ணனும் சேர்ந்து சிரித்தார். நான் பிழை எதுவும் இல்லை என்று தலையாட்டினேன்.

பிழை இல்லையாம்! எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

பிப்ரவரி 8, சனி

மதினியிடம் அந்த ஜெராக்ஸ் தாளைக் கொடுத்தேன். பால் கொடுத்துக்கொண்டே படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் குழந்தையின் காதை உள்ளங்கையால் பொத்தினாள். யாரோ சத்தமாகப் படித்த மாதிரி.

"ஒங்க அண்ணனுக்குத் தெரியுமா?"

"திருவிழாவுல ஆம்பளைக எல்லாம் கேப்பாக."

தாளை மடித்துத் தலையணைக்கடியில் வைத்தாள். பிறகு, "காதுல சொல்லப்போறது நீதான அரும்பு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

காதில் என்ன சொன்னாலும் யாருக்குத் தெரியப்போகிறது? என் சத்தம் எனக்கே கேட்காது. இந்த ஒரு முறை அது நல்லதுக்கு.

பிப்ரவரி 10, திங்கள்

கும்பாபிஷேகம். விடியற்காலையிலிருந்து குழாய் ரேடியோவில் என் பெயர். பால் குடம் குடமாகக் கொட்டி, வெயில் ஏறியதும் புளித்த வாடை. ஈ. வாழைப்பழத் தோலில் கால் வைக்காமல் நடக்க முடியவில்லை. சுவரில் புதிதாக வரைந்த படத்தில் அரும்பாயி தாமரை மேல் நிற்கிறாள். ரோஸ் கலர் கன்னம். பின்னால் நாலு அண்ணன்மார் கைகூப்பி நிற்கிறார்கள்.

பத்தரைக்குக் குழந்தையை என் மடியில் வைத்தார்கள். குனிந்து அதன் காதில் மூன்று முறை 'சாருலதா' என்றேன். அது கொட்டாவி விட்டது. முடிந்தது என்று நிமிர்ந்தேன்.

பெரியப்பா மைக்கை நீட்டினார். "சத்தமாச் சொல்லுத்தா. ஊர் பூராம் கேக்கட்டும். புதுக் கோயில்ல மொதப் பேரு."

இதை நான் நினைக்கவே இல்லை. அரும்பாயி என்று சொல்லிவிட்டால் தப்பித்துவிடலாம். வாய் அந்தப் பக்கம்தான் போனது. மைக்கில் என் மூச்சு மட்டும் புஸ் புஸ் என்று தெரு முழுக்கக் கேட்டது. யாரோ சிரித்தார்கள். "ஊமைக்கு மைக்கு எதுக்குப்பா!"

சொன்னேன். "சாருலதா."

எட்டுக் குழாயிலிருந்தும் வந்தது. என் குரலா அது? முரட்டுக் குரலாக இருந்தது.

மேளக்காரர் நிறுத்திவிட்டார். "என்னடி சொன்ன?" என்று அண்ணன் கையை ஓங்கினான். குழந்தை என் மடியில் இருந்தது. மதினி நடுவில் வந்து நின்றாள். "நான் சொல்லச் சொன்னேன். அடிக்கிறதுன்னா என்னை அடிங்க."

பெரியப்பா பூசாரியைப் பார்த்துக் கத்தினார். "ஏப்பா பேயாண்டி, மறுபடி சொல்லச் சொல்லு!"

பேயாண்டி விபூதித் தட்டைக் கீழே வைத்தார். "அத்தை வாயில வந்த பேரு வந்ததுதான். ரெண்டாந்தரம் சொல்ற வழக்கம் நம்மகிட்ட இல்லண்ணே. பொழுதன்னைக்கும் வழக்கம் வழக்கம்னு நீங்கதான் சொல்லுவீக."

அம்மன் தலையில் ஊற்ற நான் எடுத்துவைத்திருந்த தண்ணீர்ச் செம்பைப் பிடுங்கிப் பல்லு அரும்பாயியிடம் கொடுத்தார்கள். கொடுக்கட்டும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

வீட்டில் யாரும் என்னிடம் பேசவில்லை. எனக்கு அது பழக்கம்தான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பெரியப்பா வீட்டுக் கன்றுக்குட்டிக்குக் கழிச்சல். நான்தான் காரணமாம். அம்மா வந்து சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். கன்று ஈரத் தவிட்டைத் தின்றதை நானே பார்த்தேன்.

பிப்ரவரி 26, புதன்

மதினி குழந்தையோடு இங்கேயே வந்துவிட்டாள். பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏற்ற நான்தான் கடையில் படிவம் டைப் செய்து கொண்டுவந்தேன். அப்பா கையெழுத்து என்ற இடம் காலி. மதினி அதை டிவி மேல் வைத்தாள். பக்கத்தில் நான் கொடுத்த தாளையும் வைத்தாள், அடித்த எழுத்து மேலே தெரிகிற மாதிரி. அண்ணன் டிவி போடுகிறான், அணைக்கிறான். பார்க்காதவன் மாதிரி இருக்கிறான். என்னிடம் பதினாறு நாளாக ஒரு வார்த்தை இல்லை.

கதை அவனுக்கு முன்பே தெரியும். புதிதாக என்ன தெரியப்போகிறது அவனுக்கு?

மார்ச் 5, புதன்

ராஜபாண்டி அண்ணன் இன்று கேட்டார். "ஏத்தா, அதான் ஊரையே பெரட்டிட்டியே. உன் பேரையும் மாத்திர வேண்டியதுதான? ஃபார்ம் நம்மகிட்டதான் இருக்கு."

யோசித்தேன். வேண்டாம் என்றுவிட்டேன். அவள் பெயரைச் சொல்லிப் பாயசம் குடிக்கிறவர்கள் இருக்கும்போது நானும் விட்டுவிட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

மார்ச் 10, திங்கள்

மத்தியானம் கரண்ட் இல்லை என்று கடையை அடைத்துவிட்டார்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து வெயிலில் நடந்து வந்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. வீட்டில் அண்ணன் மட்டும் இருந்தான், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு. மதினி நகராட்சி அலுவலகத்துக்குப் போயிருந்தாள். டிவி மேல் படிவம் இல்லை, அண்ணனின் பேனா மட்டும் கிடந்தது.

படியில் உட்கார்ந்தேன். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

"அண்ணே, தண்ணி."

சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. அவனுக்கும் விழுந்திருக்க வேண்டும். அசையாமல் நின்றான். பிறகு குழந்தையை ஒரு கையில் மாற்றிக்கொண்டு உள்ளே போனான். பானை மூடி சத்தம் கேட்டது. செம்பு நிறையக் கொண்டுவந்தான். நீட்டும்போது தண்ணீர் என் பாவாடையில் சிந்தியது. நான் குடித்து முடிக்கும் வரை போகவில்லை. முகத்தையும் பார்க்கவில்லை.

"இன்னும் வேணுமா?"

"வேணும்" என்றேன்.

மறுபடி உள்ளே போனான்.